நாலு கரண்டி

விடியுமுன், ஐந்தேகால்.
எனக்கு ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில்;
காபிக்கு இன்னும் ஒரு மணி நேரம்.
உனக்கு நாலு கரண்டி தூள்,
ஊறிய பீட் சக்கையில் பிசைந்தது.
ஒரே மருந்துதான், டீக்கன்.
கண்ணாடி போட்டு டப்பாவைப் படித்து
மின்கட்டண உறையின் முதுகில் ஒருநாள் கணக்குப் போட்டேன்:
என்னுடையதைப் போல் நானூற்று எண்பது மடங்கு.
பாதி மென்று என் தோளில் தும்முகிறாய்.
எனக்கு ஒரு மாதத்துக்கானது
ஜாக்கெட்டில் வழிகிறது.

மே மாதம் நீ நடக்கவில்லை.
மேய்ச்சல் முழுக்கச் சர்க்கரை ஏறிய வாரம்.
முன்னங்கால்களை நீட்டி,
பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி,
சுடுமணலில் செருப்பில்லாதவனாய் நின்றாய்.
குளம்பைத் தொட்டேன்: இஸ்திரிப் பெட்டி.
பிடரிக்குக் கீழே கொழுப்பு,
ஒரு முழு ரொட்டி, அசைத்தால் அசையாதது.

தைராய்டு என்றேன்.
எனக்கு இருந்ததுதானே எனக்குத் தெரியும்.
எல்லாம் பொருந்தியது: பருமன், மந்தம்,
யாரும் ஒன்றும் சொல்லாமலே வரும் கோபம்.

இங்க்ரிட் ஹால்வர்சன் உன் கழுத்தில் ஊசி இறக்கி
மூன்று குழாய் எடுத்துப்போனாள்.
ஐந்து நாள் கழித்துப் போனில்,
பின்னால் ஏதோ பசு கத்த:
"ஒடெத், சுரப்பி நன்றாகத்தான் இருக்கிறது.
குதிரைக்கு அது கெடுவது அபூர்வம்.
எண் தாழ்ந்தது வலி மருந்தாலும் இருக்கலாம்.
கெட்டது இன்சுலின்."
அப்புறம் எதற்கு இந்தத் தூள்?
"எடை இறங்க. கொஞ்ச நாளைக்கு மட்டும்.
அடுப்பை ஊதிவிடுகிறோம், அவ்வளவுதான்.
வாயைக் கட்டுவது உன் வேலை."

கட்டினேன்.
ஒற்றைத் துளை வைத்த வாய்க்கூடை;
அதன் வழியே ஒவ்வொரு புல்லாக நீ உறிஞ்சும் சத்தம்
கடைசிச் சொட்டு சோடாவை உறிஞ்சும் பிள்ளை மாதிரி.
வைக்கோலை ஒரு மணி நேரம் ஊறவைத்து
தேநீர் நிறத் தண்ணீரைக் கொட்டினேன்.
உனக்கான இனிப்பு முழுக்க ஓடையில் போனது.
ஞாயிறுதோறும் மார்பைச் சுற்றி நாடா.
மோர்கன் குதிரை காற்றைக் குடித்தே கொழுக்கும் என்பார்கள் இங்கே.
காற்றை என்ன செய்வது?

செப்டம்பரில் வெண்டல் ப்ரூயிட்
வேலிக்கு மேல் ஆப்பிள் நீட்டினார்.
"ஒன்றே ஒன்றுதான்."
அவருடைய ஒன்று ஒரு வாளி.
விளக்கினேன். தலையாட்டினார். மறுநாளும் நீட்டினார்.
நான் ஓட்டும் பள்ளி பஸ்ஸில் மாற்றிய பழைய
சிவப்பு நில் பலகையைக் கொண்டுவந்து
வேலியில் அறைந்தேன்.
அதன்பின் வரவில்லை. என்னோடு பேசவும் இல்லை.
அவர் வீட்டு விளக்கு எரிகிறதா என்று
இப்போது நான்தான் பார்க்கிறேன்.

நவம்பர். நாடாவில் நூற்றுமுப்பது பவுண்டு குறைவு.
கழுத்து மேடு விரலுக்கு இளகுகிறது.
நேற்று வாளியின் பனியை நீயே காலால் உடைத்தாய்,
சேட்டைக்காக.
இங்க்ரிட் சொன்னாள்: நாலு இரண்டாகட்டும், இரண்டு வாரம்.
இரண்டு ஒன்றாகட்டும், இன்னும் இரண்டு.
பிறகு வேண்டாம்.
"சட்டென்று நிறுத்தாதே.
வெளியிலிருந்து வந்ததால் உள்ளே இருப்பது தூங்குகிறது.
எழுந்திருக்க நேரம் கொடு."

என்னுடையதைப் பர்லிங்டனில்
பதினாலு வருடத்துக்கு முன் வெட்டி எடுத்து
ஜாடியில் போட்டார்கள்.
எழுப்புவதற்கு அங்கே யாருமில்லை.
இதை இங்க்ரிட்டிடம் சொல்லவில்லை.
உன்னிடம் சொன்னேன்.
நீ என் பையில் ஆப்பிள் தேடினாய்.

ஒரு கரண்டியும் இல்லாத முதல் நாள் இன்று.
பீட் சக்கையை முகர்ந்து
வாளியை மூக்கால் என் பக்கம் தள்ளுகிறாய்:
என்னவோ குறைகிறது.
குறையத்தான் செய்யும்.
மாத்திரையை அடுக்களையில் வைத்துவிட்டுவந்ததாக
பாதி வழியில் நினைத்தேன். இல்லை, கையுறைக்குள் இருந்தது.
உன் தண்ணீர்க் குழாயில் ஒரு வாய் பிடித்து
விழுங்கினேன். பல் கூசியது.

மணி ஐந்து இருபது.
பஸ்ஸின் எஞ்சின் சூடாக நேரமாகும்.